பன்றி துரத்துவதும் விளையாட்டுதான்

கேள்வி: ஆர்பிஜி எக்ஸ்பான்ஷன் (நாயகனாகவே வாழ்ந்து ஆடும் வீடியோ கேமுக்குப் பின்னால் வரும் கூடுதல் பாகம்) எது வந்தாலும் கதையைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள். கதை வேண்டுமென்றால் நான் நாவல் படித்துக்கொள்வேன். காசு கொடுப்பது விளையாடுவதற்கு. புது ஆயுதம், புது ஸ்கில், புது பாஸ் (பெரிய எதிரி), இவைதானே எக்ஸ்பான்ஷன்? உங்கள் பேச்சைக் கேட்டு விட்சர் 3-இன் 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்' வாங்கினேன். வசனம் வந்தபோதெல்லாம் ஸ்கிப் பண்ணிவிட்டு ஆடினேன். கல்யாண வீட்டில் பன்றி துரத்த வைத்தார்கள். கடைசிவரை எதற்காக என்ன செய்கிறோம் என்றே புரியவில்லை. இதற்கா இத்தனை மார்க்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: வசனத்தையெல்லாம் ஸ்கிப் பண்ணினேன் என்கிறீர்கள். இரண்டு வரி தள்ளி, எதற்கென்றே புரியவில்லை என்கிறீர்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதி என் வேலையைப் பாதியாகக் குறைத்திருக்கிறீர்கள். நன்றி.

மீதிப் பாதிக்கு முன்னால் உங்கள் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களைப் போன்ற ஆட்கள் கதையைப் பற்றியே எழுதிக்கொண்டிருப்பதற்கு ஒரு சோம்பேறித்தனமான காரணம் உண்டு. கதையை எழுத்தில் சொல்வது சுலபம். எதிரி வாளை ஓங்கியதும் உருளாமல் ஒரு நொடி பொறுத்து உருளும்போது கிடைக்கும் சுகத்தை எழுதிக் காட்டுவது கஷ்டம். அதனால் அது விமர்சனங்களில் பெரும்பாலும் விட்டுப்போகிறது. 2001-இல் வந்த டயாப்லோ 2-இன் 'லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன்' நல்ல உதாரணம். அதன் கதை என்ன? ஓர் அசுரன் மலையேறுகிறான், நாமும் பின்னாலேயே ஏறிப்போய் அவனை அடிக்கிறோம். அவ்வளவுதான். ஆனால் அசாசின், ட்ரூயிட் என்று இரண்டு புது ஆட்கள் வந்தார்கள். ரூன் என்கிற மந்திர எழுத்துக் கற்களைச் சரியான வரிசையில் பதித்தால் வெறும் இரும்புத் துண்டு வேறொன்றாகிவிடும் ரூன்வேர்டு வந்தது. 2021-இல் அந்த கேமைப் புதுப்பித்து வெளியிட்டபோது இந்த எக்ஸ்பான்ஷனையும் சேர்த்தே கொடுத்தார்கள். அது இல்லாத டயாப்லோ 2-ஐ என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சரி, இந்தச் சுற்று உங்களுக்கு.

ஆனால் அதே தராசில் எல்லாவற்றையும் நிறுக்க முடியாது. எக்ஸ்பான்ஷனுக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. அதை வாங்குபவர் பெரும்பாலும் மூல விளையாட்டை முடித்தவர். அவருடைய நாயகன் உலகத்தைக் காப்பாற்றிவிட்டான். நல்ல வாள், நல்ல கவசம், மூட்டை நிறைய மருந்து, எல்லாம் அவனிடம் இருக்கிறது. இப்படி வயிறு நிறைந்தவனுக்கு மறுபடியும் பசி எடுக்க வைக்க வேண்டும். கதை எழுதுபவருக்கும் இதுதான் சிக்கல், சண்டையை வடிவமைப்பவருக்கும் இதுதான் சிக்கல். நீங்கள் எதிரெதிரே நிறுத்துகிற இரண்டு பேரும் ஒரே கணக்கோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

எண்ணைக் கூட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பால்டர்ஸ் கேட் 2-இன் 'த்ரோன் ஆஃப் பால்' இருக்கிறது. (பசும்பால் இல்லை, கொலைக் கடவுளின் பெயர்.) மூல விளையாட்டில் 29,50,000 என்றிருந்த அனுபவப் புள்ளி உச்சவரம்பை 80,00,000 ஆக்கினார்கள். நாயகன் ஏறக்குறையத் தெய்வமாகிவிடுகிறான். வாட்சர்ஸ் கீப் என்கிற பாதாளக் கோட்டை அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் முக்கியக் கதை ஒரு பெரிய சண்டை, அடுத்து இன்னொரு பெரிய சண்டை என்று வரிசையில் நிற்கிறது. நீங்கள் கேட்ட புது ஸ்கில், புது பாஸ் எல்லாம் அதில் உண்டு. இருந்தும் மூல விளையாட்டு நடக்கும் ஆம்ன் நாட்டின் தெருக்களில் திசை தெரியாமல் அலைந்த சுகம் எனக்கு அங்கே கிடைக்கவில்லை.

எல்டன் ரிங் வேறு வழியில் போனது. 2024 ஜூனில் வந்த 'ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ'க்குள் நீங்கள் எத்தனை பெரிய லெவலோடு நுழைந்தாலும் அடி வாங்குவீர்கள். அங்கே பலம் என்பது தனிக் கணக்கு. அந்த நிலத்தில் சிதறிக் கிடக்கும் ஸ்காடுட்ரீ துண்டுகளைப் பொறுக்கினால்தான் உங்கள் அடியும் தாங்குசக்தியும் ஏறும், அதுவும் அந்த நிலத்துக்குள் மட்டும். வந்த வாரத்தில் கஷ்டம் கஷ்டம் என்று பெரிய கூச்சல். சில நாளிலேயே அப்டேட் விட்டு அந்தத் துண்டுகள் தரும் பலத்தின் ஆரம்பக் கட்டங்களைக் கொஞ்சம் தாராளமாக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தத் துண்டுகள் எங்கெல்லாம் கிடக்கின்றன என்று பாருங்கள். மிக்கெல்லா என்பவன் தன் உடலையும் மனத்தையும் துண்டு துண்டாகக் கைவிட்டுப் போன இடங்களில் சிலுவைகள் நிற்கின்றன. பல துண்டுகள் அந்தச் சிலுவைகளின் காலடியில்தான். அவன் எங்கே போனான், எதைக் கழற்றி எறிந்தான் என்று தேடிக்கொண்டு போனவன் தானாகவே பலசாலியாகிறான். நேரே பாஸைத் தேடி ஓடியவன் அடி வாங்குகிறான். இதில் கதை எங்கே முடிந்து கேம்ப்ளே எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டுங்கள் பார்ப்போம்.

எனக்கு இதைவிடப் பிடித்த உதாரணம் இன்னொன்று. 2007-இல் வந்த நெவர்விண்டர் நைட்ஸ் 2-இன் 'மாஸ்க் ஆஃப் தி பிட்ரேயர்'. இந்த வகை விளையாட்டுகளில் நம் எல்லோருக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு சண்டை முடிந்ததும் படுத்துத் தூங்குவது. எழுந்தால் காயம் ஆறியிருக்கும், மந்திரமெல்லாம் திரும்பியிருக்கும். எத்தனை முறை தூங்கினாலும் கேட்பாரில்லை. இந்த எக்ஸ்பான்ஷனில் நாயகனுக்கு ஒரு சாபம் ஒட்டிக்கொள்கிறது, ஆவிகளைத் தின்னும் பசி. நேரம் போகப் போக உயிர்ச்சக்தி வடியும். தூங்கினாலும் வடியும். தின்னத் தின்ன வெறி கூடும், வெறி கூடினால் இன்னும் வேகமாக வடியும். பசியை அடக்கவும் வழி உண்டு, பொறுமை வேண்டும். அப்புறம் என்ன, வெளியானபோது பல பேர் திட்டினார்கள். நிம்மதியாக ஊர் சுற்ற விடுகிறதா, கடிகாரத்தைக் கழுத்தில் கட்டிவிட்டதே என்று. திட்டியது நியாயம்தான், நானும் முதல் தடவை திட்டினேன். ஆனால் அந்த எரிச்சல் இல்லாவிட்டால் அந்தச் சாபம் வெறும் வசனமாகப் போயிருக்கும். தூங்குவதா வேண்டாமா என்று பட்டன் மேல் விரலை வைத்துக்கொண்டு யோசித்த நேரத்தில்தான் அந்த மனிதன் எப்படித் தவித்திருப்பான் என்று எனக்கு உறைத்தது. இதை நாவலில் படித்துக்கொள்ள முடியாது.

கையும் கதையும் ஒட்டாமல் போனால் ஆட்டக்காரன் சும்மா விடமாட்டான் என்பதற்கு ஃபால்அவுட் 3 சாட்சி. முடிவில் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் போய் யாராவது சாக வேண்டும். பக்கத்தில் நம் கூட்டாளி ஃபாக்ஸ் நிற்கிறான். கதிர்வீச்சு அவனை ஒன்றும் செய்யாது. முன்னால் ஒருமுறை அப்படியொரு அறைக்குள் போய் நமக்காகச் சாமானே எடுத்து வந்தவன். இப்போது போகச் சொன்னால், இது உன் விதி என்று தத்துவம் பேசுகிறான்! 2009-இல் வந்த 'புரோக்கன் ஸ்டீல்' லெவல் வரம்பை 20-லிருந்து 30 ஆக்கியது. கூடவே அவனை அந்த அறைக்குள் அனுப்பவும் வழி செய்தது. முடிவுக்குப் பிறகும் ஆட விட்டது.

இப்போது உங்கள் பன்றிக்கு வருவோம். பத்து வருடம் தாண்டிய விளையாட்டு, கதையைச் சொன்னால் கோபிக்காதீர்கள். ஓல்கியர்ட் என்பவன் ஒரு மாயக்காரனோடு போட்ட ஒப்பந்தத்துக்குத் தன் தம்பியைப் பலி கொடுத்தவன். செத்துப்போன அந்தத் தம்பிக்கு ஒரே ஒரு இரவு ஆசைதீரக் கொண்டாட்டம் காட்ட வேண்டும், அதுதான் நாயகன் ஜெரால்ட்டின் தலையில் விழும் வேலை. செத்தவனுக்கு உடம்பு ஏது? ஜெரால்ட்டின் உடம்பைக் கடன் வாங்கிக்கொள்கிறான். நூறு மணி நேரமாக நீங்கள் வாள் பிடித்து வளர்த்த அந்த இறுக்கமான ஆசாமி திடீரென்று பல்லிளிக்கிறான், பெண்களிடம் வழிகிறான், பன்றியைப் பட்டிக்குள் துரத்துகிறான், குளத்தில் முங்கிச் செருப்பு தேடுகிறான். வழக்கமாக அந்த உடம்பை ஆட்டிவைப்பது நீங்கள். அன்றைக்கு உங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு பேய் உட்கார்ந்திருக்கிறது. விளையாட்டு எத்தனை அற்பமோ அத்தனைக்கு அந்தக் காட்சி வலிக்கிறது. ஏனென்றால் நள்ளிரவு ஆனதும் அவன் போக மாட்டேன் என்று அடம்பிடிப்பான். பன்றி துரத்தியதற்குப் பதில் அங்கே ஒரு பாஸை வைத்திருந்தால் அவன் எதை விட்டுப் போக மனமில்லாமல் நிற்கிறான் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் கேட்ட புதுச் சரக்கும் அதில் இருக்கிறது. ஆயுதத்தில் மந்திர எழுத்து பொறிக்கும் ஒருவன் வருகிறான். அவன் தொழில் தொடங்கவே ஆயிரக்கணக்கில் பொற்காசு அழ வேண்டும். அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. உங்களுக்கே நினைவில் நின்றது பன்றிதான்.

காசு விஷயம் ஒன்று பாக்கி. 2023 செப்டம்பரில் சைபர்பங்க் 2077 என்ன செய்தது? திறமைகளைத் தேர்ந்தெடுக்கும் ஸ்கில் மரத்தைத் தலைகீழாக மாற்றி, போலீஸ் துரத்தலை ஒழுங்காக்கிய 2.0 அப்டேட்டை இலவசமாகக் கொடுத்தது. சில நாள் கழித்து வந்த 'ஃபேன்டம் லிபர்ட்டி'க்குத்தான் விலை. புது ஊர்ப்பகுதி, கொஞ்சம் புது ஸ்கில் எல்லாம் அதிலும் உண்டு, ஆனால் வாங்கியவர்களை இழுத்தது அந்த உளவாளிக் கதை. காசு கொடுப்பது எதற்கு என்பதில் உங்களுக்கும் விற்பவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது போலிருக்கிறது.

மார்க்கைக் குறைப்பதாக இல்லை. பழைய சேவ் ஃபைல் இருந்தால் அந்தக் கல்யாணத்துக்கு மட்டும் திரும்பப் போய், ஸ்கிப் பட்டனைத் தொடாமல் நள்ளிரவு வரைக்கும் இருந்துவிட்டு வாருங்கள். அப்போதும் பன்றிமேல் கோபம் தீரவில்லையென்றால் எழுதுங்கள், அந்தக் கடிதத்தையும் போடுகிறேன்.