வாகன மூலை: மணல்ல ஓடுறதுக்கு எந்த டபுள் கெப்?

கேள்வி: அண்ணே, வாகன இறக்குமதி திறந்த நாள்ல இருந்து வீட்ட ஒரே கதைதான், புது டபுள் கெப் ஒண்டு எடுக்கணும் எண்டு. நம்மட மீன் வாடி கரையில இரிக்கு, கொங்கிறீட் ரோட்டு முடிஞ்சா மறுகா முழுக்க மணல். 18 அடி பைபர் போட் ஒண்டும் 25 குதிரை எஞ்சினும் இரிக்கு, அத ட்ரெய்லர்ல ஏத்தி வேலைக்கு கல்முனைக்குக் கொண்டு போகணும், சில நேரம் பொத்துவில் பக்கமும் கொண்டு போய் இறக்குவம். ஹைலக்ஸ், டிமேக்ஸ், எல்200 இந்த மூண்டுல எது நல்லம்? 3500 கிலோ இழுக்கிற பெரிய எஞ்சினாப் பாத்து எடு, சின்னது மணல்ல படுத்திரும் எண்டு மச்சான் சொல்றான். – திருக்கோவில் வாசகர்

பதில்: மச்சான்ட கதைய கொஞ்சம் ஒதுக்கி வெச்சிட்டு முதல்ல பாரத்தக் கூட்டிப் பாருங்க தம்பி. 18 அடி பைபர் போட் கட்டின தடிப்பப் பொறுத்து வெறுமையா 350, 400 கிலோ வரும், எஞ்சின் ஒரு 50, ட்ரெய்லர் ஒரு 250, மண்ணெண்ணெய் கேன், வலை, ஐஸ் பெட்டி எல்லாம் போட்டு எப்பிடிக் கூட்டினாலும் ஒரு டன்னத் தாண்டாது. இந்தப் பாரத்துக்கு 3500 கிலோ எண்ட கணக்கு தேவையே இல்ல. ஆனா அந்த 3500க்குப் பின்னால ஒரு விசயம் கிடக்கு, விக்கிறவன் அதச் சொல்றதில்ல. அது பிரேக் பூட்டின ட்ரெய்லருக்கு சொல்ற அளவு. பிரேக் இல்லாத ட்ரெய்லர் எண்டா இந்த ரக கெப் அநேகமா எல்லாத்துக்கும் கொம்பனி குடுக்கிற எல்லை 750 கிலோதான், எஞ்சின் பெரிசெண்டாலும் சிறிசெண்டாலும் அதான். நம்மட பக்கம் வெல்டிங் கடையில அடிக்கிற ட்ரெய்லர்ல எத்தினைக்கு பிரேக் இரிக்கு சொல்லுங்க பாப்பம்? அப்ப உங்கட போட்டு ட்ரெய்லரோட ஏறினா 750அத் தாண்டிரும், நீங்க எந்த கெப் எடுத்தாலும் தாண்டும். அக்கரைப்பற்று ரோட்டுல ஒரு மாடு குறுக்க வந்தாத்தான் அது என்னெண்டு விளங்கும், பின்னால இருக்கிற பாரம் கெப்ப முன்னுக்குத் தள்ளும், வால் ஒரு பக்கம் இழுக்கும். அதால பெரிய எஞ்சினுக்குக் குடுக்கிற மிச்சக் காசுல ஒரு பங்க எடுத்து ட்ரெய்லருக்கு பிரேக் போடுங்க, முன்னுக்குத் தள்ளக்குள்ள தானாப் பிடிக்கிற வகை காணும். போட்ட ஏத்தக்குள்ள மொத்தப் பாரத்துல பத்துல ஒரு பங்கு அளவு கொக்கியில இருக்கிற மாதிரி முன்ன பின்ன தள்ளி வைங்க, எஞ்சின பின்னுக்குத் தொங்க விட்டு கொக்கி மேல கிளம்புற மாதிரி ஏத்தினா ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆடும். ட்ரெய்லருக்கு தனி நம்பர் வேணும், அதையும் ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்க.

எஞ்சின் கதைக்கு வாறன். டிமேக்ஸ் 1.9 எஞ்சின் 150 குதிரை, 350 நியூட்டன் மீட்டர் இழுவை. 3.0 எண்டா 190 குதிரை, 450. ஹைலக்ஸ் 2.4ம் 150 குதிரைதான், ஓட்டோ கியர்ல 400 இழுவை. 2.8 எண்டா 204 குதிரை, 500. ஒரு டன் இழுக்க இதுல எது எண்டாலும் காணும். மணல்ல படுக்கிறது எஞ்சின் சின்னதெண்டு இல்ல, டயர்ல காத்து கூட எண்டுதான். இத எத்தின தரம் சொன்னாலும் கேக்கிறாக்கள் இல்ல, 4 வீல் போட்டாச்சு, என்ன வந்தாலும் போகும் எண்டு 32 பிஎஸ்ஐ காத்தோட மணலுக்குள்ள இறக்கி, பின் சில்லு சுத்தச் சுத்த இன்னும் கொஞ்சம் அமத்துவம் எண்டு அமத்தி, கடைசியில அக்சில் மணல்ல குந்தின பிறகு டிரெக்டருக்கு ஆள் அனுப்புறது. அது நாலு வீலோட வடிவாப் புதையும், அவ்வளவுதான்.

காத்துப் போக்கிறது இப்பிடித்தான். கொங்கிறீட் ரோட்டு முடியிற இடத்துல நிப்பாட்டி, டயர்ட வால்வு மூடியக் கழட்டி பொக்கெட்டுல போடுங்க (மணல்ல வைச்சா அது போய்த்துது), திறப்பு முனையால நடு ஊசிய அமத்திப் பிடிச்சு விட்டு விட்டு மீற்றர் வைச்சுப் பாருங்க. 18 வரைக்கும் இறக்கினா காணும், மணல் ரொம்ப இளக்கமா கிடந்தா 15. அந்த அளவுல டயர்ட பக்கம் கொஞ்சம் புடைச்சு நிக்கும், நிலத்துல படுற பாகம் நீளும், பாரம் பரவும், சில்லு தோண்டாம மேலால போகும். 12க்குக் கீழ போனா வளைக்கக்குள்ள டயர் ரிம்ம விட்டுக் கழண்டுரும். காத்து குறைஞ்ச டயரோட தார் ரோட்டுல ஏறி கல்முனைக்கு அடிச்சிராதீங்க, பக்கம் சூடாகி வெடிக்கும். அதுக்குத்தான் ஒரு சின்ன காத்தடிக்கிற மெசின் வேணும், பெட்டரியில நேரா கிளிப் குத்துற வகையா வாங்குங்க, சிகரெட் லைட்டர் ஓட்டையில குத்துறது கெப் டயருக்குத் தாங்காது, பியூஸ் போகும்.

இதுல இருந்துதான் எந்த கெப் எண்ட கேள்விக்கும் பதில் வருது. ஷோறூமுக்குப் போனா மேல் தர மொடல்ல 18 இஞ்சி அலோய் வீல் மின்னும், வடிவா இரிக்கும், பிள்ளையளுக்கும் அதான் விருப்பம். நீங்க ஒரு படி கீழ 17 இஞ்சி ரிம் உள்ளதக் கேளுங்க. ரிம் சின்னனா இருந்தா டயர்ட பக்கம் உயரம், காத்துப் போக்க இடம் இரிக்கு. 265/65 ஆர் 17 எண்டது எந்த டயர் கடையிலயும் கிடைக்கிற அளவு. டயர் ஏடி வகை போடுங்க, ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவானது. சேத்து டயர் எண்டு பெரிய பெரிய பல்லோட வாறத கடற்கரைக்குப் போடாதீங்க, அது வயலுக்கு நல்லம், மணல்ல மண்வெட்டி வேலைதான் பாக்கும்.

மறுகா கேட்டுப் பாக்க வேண்டியது நாலு விசயம். லோ கியர் இருக்கிற உண்மையான 4 வீலா, ஏனெண்டா வெளியில ஒரே மாதிரி தெரியிற கெப்புல 2 வீலும் இரிக்கு. பின் டிப் லொக் இரிக்கா, ஒரு சில்லு காத்துல சுத்தக்குள்ள மத்தச் சில்லையும் சேத்து இழுக்க அது வேணும். ஓட்டோ கியரா, மணல்ல ஓட்டோ நல்லம் எண்டுதான் நான் சொல்லுவன், மெனுவல்ல கியர் மாத்திற அந்த ஒரு கணத்துல வேகம் செத்திரும், மறுகா கிளச்ச அரைச்சு அரைச்சு எடுக்கக்குள்ள மணம் வரும், அந்த மணம் உங்கட காசு. நாலாவது, புகைக் குழாயில டிபிஎப் எண்ட வடி இரிக்கா. இருந்தா அது நீளமா ஓடக்குள்ள சூடாகி, பிடிச்ச கரிய எரிச்சுத் தன்னைத் தானே துப்பரவாக்கும், வீட்டுக்கும் வாடிக்கும் ரெண்டு கிலோமீற்றர் மட்டும் ஓடினா அடைச்சுப் போகும். அந்த வகை எடுத்தா சுப்பர் டீசல் அடிங்க, கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் பொத்துவில் ரோட்டுல நல்ல ஓட்டம் ஒண்டு குடுங்க.

என்ட தெரிவு கேட்டா, உங்கட வேலைக்கு டிமேக்ஸ் 1.9 ஓட்டோ 4 வீல், டிப் லொக்கோட. எல்200ல சுப்பர் செலக்ட் எண்ட 4 வீல் வாற மொடல் கிடைச்சா அதுவும் நல்ல சாமான், எல்லா எல்200லயும் அது வராது, கேட்டு வாங்கணும். ஹைலக்ஸ் விக்கக்குள்ள விலை போகும், அத மறுக்க ஏலா, ஆனா அந்தப் பேருக்கும் சேத்துத்தான் இப்ப காசு குடுக்கிறீங்க. 2020 மார்ச்சில நிப்பாட்டின இறக்குமதி 2025 பெப்ரவரியிலதான் தனியார் வாகனத்துக்குத் திறந்தது, வரியோட சேத்து வாற விலையப் பாத்தா தலை சுத்துது, இதுக்குள்ள பேருக்கு வேற குடுக்கிறதா எண்டு நீங்கதான் யோசிக்கணும். சேவிஸும் சாமானும் கல்முனையிலயோ மட்டக்களப்பிலயோ எதுக்கு லேசாக் கிடைக்கும் எண்டு விசாரிச்சிட்டு முடிவெடுங்க, பில்டர் ஒண்டுக்காக கொழும்புக்கு ஓட ஏலா.

கரையில ஓட வத்துக்கு, அதான் கடல் தண்ணி இறங்குற நேரத்துக்கு, காத்திருக்கணுமா எண்டு யூடியூப்பப் பாத்து சிலபேர் கேக்கிற. அது அவுஸ்திரேலியாக்காரன்ட கணக்கு தம்பி, அங்க கடல் பல மீற்றர் இறங்கி ஏறும். நம்மட கடல்ல ஏத்தம் வத்து ஒரு மீற்றரும் இல்ல. நமக்கு காத்தும் காலமும்தான் கணக்கு. கச்சான் அடிக்கிற மாசத்துல மேல் மணல் காஞ்சு மாவாக் கிடக்கும், அந்த நேரம் விடியப்புறம் போனா கொஞ்சம் இறுக்கமா இரிக்கும், மத்தியானம் போனா கஷ்டம். மாரியில மணல் நனைஞ்சு இறுகும், ஓட லேசு, ஆனா வாடைக் கடல் கரைய அரிச்சு செங்குத்தா வெட்டி வைச்சிருக்கும், அந்தச் சரிவுல ட்ரெய்லரோட பக்கவாட்டா ஓடினா கெப்பும் ட்ரெய்லரும் சேந்து கடல் பக்கம் வழுக்கும். சரிவுல நேரா இறங்கி நேரா ஏறுங்க. அடம்பன் கொடி படர்ந்த இடம் இறுக்கமாத்தான் இரிக்கும், எண்டாலும் அதுக்கு மேலால ஓட்டாதீங்க, மணலப் பிடிச்சு வைச்சிருக்கிறதே அந்தக் கொடிதான். இரவுல ஓடவே வேணாம், ஆமை முட்டையிட ஏறுற கரை இது, வெளிச்சம் பட்டா அது திரும்பிப் போயிரும், சட்டத்தாலயும் காக்கப்பட்ட உயிர்.

புதைஞ்சா உடனே காலை எடுங்க. இறங்கி, சில்லுக்கு முன்னால இருக்கிற மணல கையால அள்ளி, காத்த இன்னும் ரெண்டு மூண்டு குறைச்சு, வந்த தடத்துலயே பின்னுக்கு எடுங்க. வேற வாகனத்தால இழுக்கிறதெண்டா கயித்த ட்ரெய்லர் பூட்டுற குண்டுல கொழுவவே கொழுவாதீங்க. இழுவையில அந்தக் குண்டு உடைஞ்சு பறந்து ஆள் செத்த கதை உலகத்துல கனக்க இரிக்கு. சேசிஸ்ல இழுக்கிறதுக்கெண்டே போட்ட கொழுக்கியில கொழுவி, சனத்த தூரத்துக்கு அனுப்பிட்டு இழுங்க.

கேள்வி: 4 வீல் போட்டுக்கொண்டே தார் ரோட்டுல ஓடினா மழைக்கு நல்லம் எண்டு சொல்றாங்க, சரியா? – அக்கரைப்பற்று வாசகர்

பதில்: காஞ்ச தார்ல வேணாம். வளைவுல முன் சில்லு போற தூரமும் பின் சில்லு போற தூரமும் வேற வேற, சாதாரண கெப்புல 4 வீல் போட்டா ரெண்டு அக்சிலும் ஒண்டாப் பூட்டுப்படுது, மணல்ல எண்டா சில்லு வழுக்கி சமாளிக்கும், தார்ல வழுக்க இடமில்ல, முழு முறுக்கும் கியர்லயும் சாப்ட்டுலயும் ஏறும். திருப்பக்குள்ள வாகனம் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தா அதுதான் அது. முதல் பதில்ல சொன்ன சுப்பர் செலக்ட் வகைக்கு மட்டும் ரெண்டு அக்சிலையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிப் ஒண்டு நடுவுல இரிக்கு, அதுல 4எச் போட்டு தார்ல ஓடலாம், மழை நாளைக்கு நல்லாவும் இரிக்கும்.

கேள்வி: போட் ட்ரெய்லர்ல பேரிங் அடிக்கடி போகுது. நல்ல சாமான்தான் போடுறன். – கல்குடா வாசகர்

பதில்: சாமான்ல பிழை இல்ல. ரோட்டுல ஓடி வந்த சூட்டோட ஹப்ப உப்புத் தண்ணிக்குள்ள இறக்கிறீங்க, சூடான ஹப் திடீரெண்டு குளிரக்குள்ள உள்ள இருக்கிற காத்து சுருங்கி சீல் வழியா கடல் தண்ணிய உறிஞ்சும். மறுகா அது கிரீஸோட கலந்து பாலாட்டம் வெள்ளையாகும், கழட்டிப் பாத்தா தெரியும். கரைக்கு வந்தா ஹப்புல கை வைச்சு, சூடு ஆறுற வரைக்கும் ஒரு பிளேன்டி குடிச்சிட்டு இறக்குங்க. மெரின் கிரீஸ் போடுங்க, பேரிங் மாத்தக்குள்ள சீலையும் மாத்துங்க, அத மிச்சம் பிடிக்கிறாக்கள்தான் திரும்பத் திரும்ப வாறாக்கள்.

கேள்வி: புதுசுக்கு வசதி இல்ல, பாவிச்ச கெப் ஒண்டு பாக்கிறன். கடற்கரையில ஓடினதா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிற? – கல்முனை வாசகர்

பதில்: பெயின்ட்டப் பாக்காதீங்க, கீழ படுங்க. ஸ்பெயார் வீல் தூக்கிற சங்கிலி, பிரேக் குழாய், சேசிஸ்ல இருக்கிற ஓட்டை வழியா உள் பக்கம், இதுகள டோர்ச் அடிச்சுப் பாருங்க, சேசிஸ் உள்ள இருந்துதான் உக்கும். கீழ் முழுக்க புதுசா கறுப்பு பெயின்ட் அடிச்சிருந்தா ஒரு சின்னச் சுத்தியலால தட்டிப் பாருங்க, நல்ல இரும்பு கணீரெண்டு கேக்கும், உக்கினது பொத்தெண்டு கேக்கும். உள்ள சீட் தண்டவாளத்து ஆணியில துரு, கார்ப்பெட்டத் தூக்கினா மூலையில மணல், பின் கதவு மடிப்புல பெயின்ட் கொப்பளிச்சிருந்தா கேக்கத் தேவையில்ல. நீங்க வாங்கின பிறகும் கரைக்குப் போய் வந்த அண்டைக்கே கீழ் பக்கம் நல்ல தண்ணியால கழுவுங்க, கிணத்துத் தண்ணி உவர் எண்டா அதால கழுவாதீங்க, பைப் தண்ணி பிடிங்க. சேவிஸ் ஸ்டேசன்ல அடிக்கிற பிரஷர் தண்ணிய சேசிஸ் ஓட்டைக்குள்ளயும் விடச் சொல்லுங்க, பொடியன்மார் பொடியத்தான் மினுக்குவானுகள், நிண்டு பாத்து செய்விக்கணும்.