கிண்டலுக்கும் ட்ரோலிங்குக்கும் என்ன வித்தியாசம்?

"ரேம் பத்தலையா? டவுன்லோடு பண்ணிக்கோங்க" என்றால் கிண்டல் (ரேம் என்பது கணினிக்குள் பொருத்தும் நினைவகச் சில்லு, டவுன்லோடு செய்ய முடியாது). லினக்ஸ் என்ற கணினி இயங்குதளம் பற்றிச் செய்தி வந்ததும் "இதையெல்லாம் யார் பயன்படுத்துறாங்க?" என்று வேண்டுமென்றே கொளுத்திப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பது ட்ரோலிங். திண்ணைப் பேச்சென்றால் உதட்டோரச் சிரிப்பே காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் முகமும் இல்லை, குரலும் இல்லை.

1982-லேயே இந்தச் சிக்கல் வந்துவிட்டது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், லிஃப்டில் பாதரசம் சிந்தியதாகக் கணினி அறிவிப்புப் பலகையில் விளையாட்டாக எழுதியதைச் சிலர் நிஜமென்று எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் அங்கிருந்த கணினி அறிவியலாளர் ஸ்காட் ஃபால்மன், முக்காற்புள்ளி, கோடு, அடைப்புக்குறி சேர்ந்த சிரிப்பு முகத்தை நகைச்சுவைக்கு அடையாளமாகப் பரிந்துரைத்தார். (இன்று அதைப் போட்டுக்கொண்டே திட்டுகிறார்கள், அது வேறு கதை.)

மீம் போட்டுக் கலாய்ப்பதையெல்லாம் நம்மூரில் ட்ரோல் என்கிறோம். 1990-களின் யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களில் அது குறித்தது, படகின் பின்னால் தூண்டிலை இழுத்துப்போவதுபோல, சிக்குவதற்கு ஆள் தேடுவதை.