ஐசன் எதைத் தேடினான்? கோபி மாடியில் கேட்ட கேள்விகள்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோபியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் இருபது பேர் போல உட்கார்ந்தோம். ‘ப்ளீச்’ என்ற ஜப்பானியப் படக்கதையில் (மாங்கா) வரும் ஐசன் சோசுகேயைப் பற்றி மட்டும் பேசுவது என்று ஏற்பாடு. 74 தொகுதி மாங்காவையும் மூன்று தடவை படித்தவன் என்பதால் பதில் சொல்லும் வேலையை என்னிடம் விட்டார்கள். அன்றைக்குக் கேட்டதையும் சொன்னதையும் எழுதி வைக்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். கதையின் முடிவு வரை பேசியிருக்கிறோம், பாதியில் இருப்பவர்கள் முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

ஈரோடு: எனக்குக் கதையே தெரியாதுங்ண்ணா, தம்பி கூட்டிட்டு வந்துட்டான். யாருங்க இந்த ஐசன்?

ஆவிகளின் உலகத்தைக் காக்கும் ஷினிகாமிகளில் ஐந்தாம் பிரிவின் கேப்டன். மூக்குக் கண்ணாடி, தணிந்த குரல், எல்லோருக்கும் பிடித்த மனிதன். ஒருநாள் காலையில் அவன் உடல் சுவரில் உயரத்தில் வாளால் குத்தி வைக்கப்பட்டிருக்கிறது. எல்லோரும் அழுகிறார்கள். கொஞ்ச நாளில் அவன் உயிரோடு வந்து நிற்கிறான். செத்ததாக எல்லோரும் பார்த்தது பொய்க்காட்சி. அவன் வாளின் பெயர் கியோகா சுயிகெட்சு. கண்ணாடியில் தெரியும் பூ, தண்ணீரில் தெரியும் நிலா என்று பொருள். அந்த வாள் விழித்தெழுவதை ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும், அதற்கப்புறம் பார்த்தவருடைய ஐந்து புலன்களும் அவன் சொன்னபடி கேட்கும்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு முகம்தான் தெரியும், விலை தெரியாது. ஐசன் பேசும் ஒவ்வொரு காட்சியையும் நான் அப்படித்தான் படிக்கிறேன். முகத்தைப் பார்த்துப் பயனில்லை, விரலைத்தான் தேட வேண்டும்.

திருப்பூர்: அவன் குறி சிம்மாசனம்னு அவனே சொல்லீட்டான். இதுல ஒளிஞ்சிருக்கற நோக்கம்னு தனியா என்னங்க இருக்குது?

அந்த வசனத்தை இன்னொரு தடவை கவனியுங்கள். கண்ணாடியைக் கழற்றி நொறுக்கி, தலைமுடியைப் பின்னால் தள்ளிவிட்டுப் பேசும் இடம். வானத்து உச்சியில் ஆரம்பத்திலிருந்தே யாரும் நின்றதில்லை, அந்தச் சிம்மாசனம் வெறுமையாகக் கிடப்பதைப் பொறுக்க முடியவில்லை, இனி நான் நிற்பேன் என்கிறான். பதவி ஆசை பிடித்தவன் யாரோ உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்த்துத்தான் ஏங்குவான். இவனை உறுத்துவது அது காலியாக இருப்பது.

அந்த உலகத்துக்கு ‘ஆவி அரசர்’ என்று ஒருவர் இருக்கிறார். அவரை அடையும் சாவிக்காக 1 லட்சம் உயிர்களைப் பலி கொடுக்கவும் ஐசன் தயாராகிறான். தோற்றுக் கட்டுண்டு நிற்கும்போது, முன்னாள் கேப்டனும் ஆராய்ச்சியாளருமான உராஹாராவைப் பார்த்துக் கத்துவது இன்னும் முக்கியம். இவ்வளவு அறிவுள்ள நீ எதற்காக ‘அந்தப் பொருளுக்கு’ அடங்கிக் கிடக்கிறாய் என்கிறான். அரசர் என்று சொல்லவில்லை, பொருள் என்கிறான். அது இல்லாவிட்டால் உலகம் பிளந்துவிடும், உலகம் அப்படித்தான் இருக்கிறது என்று உராஹாரா பதில் சொல்கிறார். அது தோற்றவனின் வாதம், ஜெயிப்பவன் உலகம் எப்படி இருக்க வேண்டும் என்றுதான் பேச வேண்டும் என்கிறான் ஐசன். கதை முழுக்க நிதானம் தவறாத ஒருவன் தொண்டை கிழியக் கத்துவது அந்த இடத்தில்தான். நடிக்க அவசியமே இல்லாத நேரம் அது, அதனால் அதை நான் நம்புகிறேன். தன்னளவு புத்தி உள்ள ஒரே ஆள் தன்னோடு வரவில்லையே என்ற வலி அதில் இருக்கிறது.

பொள்ளாச்சி: அண்ணா, கதாநாயகன் இச்சிகோ பிறந்ததுல இருந்து கடைசியில ஐசன் தோத்தது வரைக்கும் எல்லாமே அவன் திட்டம்னு ஒரு தியரி சொல்றாங்க. சரிங்களா?

இந்தத் தியரியை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன், அம்மிணி. இச்சிகோவின் சண்டைகள் எல்லாம் என் உள்ளங்கையில் நடந்தவை என்று அவன் சொல்வது உண்மை. அதை எல்லாவற்றுக்கும் இழுத்துவிட்டார்கள். இச்சிகோ பிறப்பதற்கு முன் நடந்ததைப் பாருங்கள். ஷினிகாமிகளின் ஆன்மாக்களைச் சேர்த்து ‘வொயிட்’ என்ற ஹாலோவை, அதாவது அரக்க ஆவியை, ஐசன் உண்டாக்கினான். ஷினிகாமியைக் குறி வைத்துச் செய்தது அது. போய்க் கடித்ததோ ஹாலோக்களை வேட்டையாடும் குயின்சி என்ற மனித இனத்துப் பெண்ணான மசாகியை. கணக்கு தவறியது. தவறியதைப் பார்த்து ஐசன் கோபப்படவில்லை, சுவாரசியமாகத்தான் பார்க்கிறான். அவளுக்குப் பிறந்தவன்தான் இச்சிகோ.

எல்லாம் தெரிந்தவனுக்கு ஆச்சரியம் வராது. ஐசனுக்கு ஆச்சரியம் வருகிறது, வரும்போது முகம் மலர்கிறது. எல்லாம் திட்டம் என்று சொல்லிவிட்டால் அவனிடம் உயிருள்ள பகுதி எதுவோ அதையே வெட்டி எறிந்த மாதிரி.

கரூர்: கின் தன்னைக் கொல்லத்தான் கூடவே இருக்கான்னு ஐசனுக்குத் தெரியும்ல? அப்புறம் எதுக்குப் பக்கத்துல வெச்சிருந்தான்?

தெரியும். கின் ஐசனின் நெருங்கிய கையாள். எப்படிக் கொல்ல வருவாய் என்று பார்க்க ஆவலாக இருந்தேன் என்று அவனே கின்னிடம் சொல்கிறான். தன்னோடு வளர்ந்த ரங்கிகுவிடமிருந்து ஐசனின் ஆட்கள் பறித்ததைத் திரும்ப எடுப்பதற்காகச் சின்ன வயதிலேயே ஐசனிடம் சேர்ந்தவன் கின். அந்த வாளின் மாயத்திலிருந்து தப்ப ஒரே வழி, அது விழித்தெழும் முன் அதன் அலகைத் தொட்டுக்கொள்வது. அந்த ஒரு ரகசியத்தைத் தெரிந்துகொள்ளவே அவனுக்குப் பல பத்து ஆண்டுகள் ஆயின.

இதை ஹிராகோ, ஹினமோரி இரண்டு பேரோடும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். ஹிராகோ ஐசனுக்கு முன்னால் அதே பிரிவின் கேப்டன். சந்தேகப்பட்டுக் கண்காணிக்கத்தான் ஐசனைத் துணைக் கேப்டனாக வைத்துக்கொண்டார். சந்தேகம் இருந்ததால் மனம் விட்டுப் பழகவில்லை. ஒரு மாதம் அவர் பின்னால் நடந்தவன் ஐசனே இல்லை, ஐசன் போலத் தெரிந்த வேறொருவன். சரியாகப் பழகியிருந்தால் நடையிலேயே பிடித்திருக்கலாம். இந்தப் பக்கம், ஐசன் கேப்டனானபின் அவனுக்குத் துணைக் கேப்டனாக இருந்த ஹினமோரி அவனைத் தெய்வமாகவே நினைத்தாள். அவளைக் குத்திப்போட்டபின், அவளுடைய சிறுவயது நண்பன் ஹிட்சுகயாவிடம் ஐசன் சொல்வது, வியந்து போற்றுவது புரிந்துகொள்வதற்கு மிகத் தூரத்தில் உள்ள உணர்ச்சி என்று.

ஒருவர் சந்தேகத்தால் விலகி நின்றார், இன்னொருத்தி பக்தியால் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்து, ஒவ்வொரு நாளும் ஐசனை உற்றுப் பார்த்தவன் கின் மட்டும்தான். அதுவும் கொல்வதற்காக. அந்தப் பார்வை போதும் என்று ஐசன் வைத்துக்கொண்டான் என்பது என் எண்ணம்.

பல்லடம்: ஐசனா மதாராவா, மோதினா யாருங்க ஜெயிப்பாங்க?

தம்பி, மதாரா ‘நருட்டோ’ கதை ஆள், அதை இன்னொரு நாள் பேசலாம்.

மேட்டுப்பாளையம்: ஹோகியோகு ஐசனைக் கைவிட்டதா, இல்ல அவன் ஆசையைத்தான் நிறைவேத்துச்சா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஹோகியோகு என்பது சுற்றி இருப்பவர்களின் மனதில் இருப்பதை நிஜமாக்கும் பொருள். அதைச் சொன்னதே ஐசன்தான். அப்புறம் அதனோடு ஒன்றாகி, யாரும் தொட முடியாத நிலைக்குப் போகிறான். இச்சிகோவிடம் தோற்றதும் சக்தி அவனை விட்டு இறங்க ஆரம்பிக்கிறது. உராஹாரா முன்பே உடம்புக்குள் செலுத்தி வைத்திருந்த முத்திரை அப்போது பிடித்துக்கொள்கிறது. ஹோகியோகு உன்னை எஜமானாக ஏற்கவில்லை என்று உராஹாரா சொல்கிறார்.

எல்லாம் முடிந்தபின் இச்சிகோ உராஹாராவிடம் பேசும் இடத்தை மறுபடி படியுங்கள். வாளோடு வாள் உரசியபோது ஐசனின் வாளில் தனிமை மட்டும்தான் இருந்தது என்கிறான். பிறந்ததிலிருந்தே மற்றவர்களை விட அளவுக்கு மீறிய சக்தி, தன் உயரத்தில் நின்று பார்க்கும் ஒருவரைத் தேடியிருப்பான், கிடைக்காது என்று விட்ட நொடியிலிருந்து சாதாரண ஷினிகாமியாக இருக்க மனதுக்குள் ஆசைப்பட்டிருப்பான் என்கிறான். இந்த இரண்டையும் சேர்த்து வையுங்கள். மனதின் ஆசையை நிஜமாக்கும் பொருள், சக்தியில்லாமல் இருக்க ஆசைப்படும் மனம். சக்தி போனது தண்டனை அல்ல, கேட்டது கிடைத்தது. கதை இதை ஒரே வரியில் உடைத்துச் சொல்லவில்லை. ஆனால் இதற்கு வேண்டிய இரண்டு சாட்சியும் கதைக்குள்ளேயே இருக்கிறது, வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை. நான் நம்பும் தியரி இதுதான்.

காங்கேயம்: கதை 2016லயே முடிஞ்சு போச்சு. இன்னும் தியரி பேசி என்ன ஆகப்போகுதுங்க?

உங்கள் பக்கத்தில் உடுக்கையடித்து அண்ணமார் கதை பாடும்போது விடிய விடிய உட்கார்ந்திருக்கிறீர்கள் அல்லவா, ஐயா? பொன்னரும் சங்கரும் படுகளத்தில் விழுவார்கள் என்று பாட்டு தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யார் எதற்காக அப்படிச் செய்தார்கள் என்ற பேச்சு ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. எனக்கு ஐசனும் அப்படித்தான்.

சத்தியமங்கலம்: என் பையன் இவன் படத்தைச் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கான். இத்தனை பேரைக் கொன்னவனை எதுக்கு இந்தப் பசங்களுக்குப் பிடிக்குதுங்க?

அக்கா, உங்கள் கவலை நியாயமானது. ஹினமோரிக்குச் செய்த துரோகத்தை எந்தத் தியரியும் கழுவிவிடாது, நானும் கழுவ மாட்டேன். பையனிடம் படத்தைப் பற்றிச் சண்டை போடாமல், ஐசனுக்கு நண்பன் யார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவன் யோசிப்பான். அப்புறம் உங்களிடம் நிறையப் பேசுவான்.

கோவை: கடைசிப் போரில் எதுக்கு நல்லவங்களுக்கு உதவினான்? சிறையில திருந்தீட்டானா?

திருந்தவில்லை என்றே நினைக்கிறேன். தீர்ப்பு நாளில் 18,800 ஆண்டுகள் சிறை என்று சொன்னவர்களை ஏளனமாகப் பேசி, 20,000 ஆண்டுகளாக ஏற்றிக்கொண்டவன் அவன். அவன் அடைபட்டிருந்த முகென் சிறைக்கே வந்து தன்னோடு சேரச் சொன்ன, கடைசிப் போரின் வில்லனான குயின்சி அரசன் யுவாக்கையும் மறுத்தான், அந்த இடத்திலேயே யுவாக்கின் புலனைக் குழப்பியும் விட்டான். ஆள வருகிறவன் யாராக இருந்தாலும் அவனுக்கு எதிரிதான். கடைசிச் சண்டையில், யுவாக் இச்சிகோவைக் குத்துவதாக நினைத்துக் குத்தியது ஐசனை.

ஆனால் கடைசி அத்தியாயத்தில் அவன் பேசுவதைக் கவனியுங்கள். அதற்குள் பத்து வருஷம் ஆகிவிட்டது. யுவாக் விரும்பிய உலகத்தில் சாவுப் பயம் இருந்திருக்காது, பயத்தைத் தாண்டி முன்னால் வைக்கும் அடியும் இருந்திருக்காது, அந்த அடிக்குத்தான் தைரியம் என்று பெயர் என்கிறான். மனிதர்களைப் பற்றி அவன் மதிப்போடு சொன்ன வார்த்தை அது. நாற்காலியில் கட்டுண்டபடி, கேட்க யாரும் இல்லாத இருட்டில் சொல்கிறான்.