உம்மாவுக்காக நிக்காஹ்வுக்குச் சம்மதிக்கலாமா?

கேள்வி: அன்புள்ள காக்கா, எனக்கு 30 வயது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் உம்மா, வாப்பா, ராத்தாவுடன் (அக்காவுடன்) இருக்கிறேன். 1990இல் புலிகளால் யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பம் எங்களுடையது. நான் பிறந்தது புத்தளம் முகாமில். பதினொரு வயதில் கனடா வந்தேன். எனக்குப் பெண்கள்மீது நாட்டம் வந்ததே இல்லை. மூன்று ஆண்டுகளாக ஓர் ஆணை நேசிக்கிறேன். ஐந்து வேளையும் தொழுகிறேன். இப்போது மாமியின் மகளை எனக்குப் பேசி முடித்திருக்கிறார்கள். நோன்புப் பெருநாள் கழித்துக் கொழும்பில் நிக்காஹ். போன மாதம் ஜும்ஆ குத்பாவில், ஆண்களை நாடியதற்காக அழிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் லூத் நபியின் சமூகத்தைப் பற்றிப் பேசினார்கள். தொழுதுவிட்டு வந்து அரை மணி நேரம் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன். என் தொழுகை கூடுமா? உம்மாவுக்காக நிக்காஹ்வுக்குச் சம்மதித்துவிடலாமா?
— பெயர் வேண்டாம், ஸ்கார்பரோ

பதில்: தம்பி, இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். அதற்குத்தான் நாள் குறித்திருக்கிறார்கள். சம்மதிக்காதீர்கள்.

நான் சம்மதித்தவன். நானும் சோனகத் தெருக்காரன்தான். அந்த அக்டோபர் 30ஆம் தேதி, இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னபோது, உம்மா ஊறப்போட்டிருந்த அரிசியை அப்படியே விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, அதே உம்மா முகாமில் எனக்குப் பெண் பார்த்தார். எல்லாம் இழந்தவருக்கு இதையாவது கொடுப்போம் என்று நினைத்தேன்.

ஒரு நோன்பு மாதம். கிடுகுக் குடிசையில் சஹருக்கு எழுந்தோம். மனைவி எனக்குச் சோறு போட்டுவிட்டு, மண்ணெண்ணெய் விளக்குக்கு அப்பால் உட்கார்ந்தார். "என்னில் என்ன குறை?" என்று கேட்டார். "ஒன்றுமில்லை, சாப்பிடு" என்றேன். பாங்கு கேட்கும்வரை பிசைந்த சோற்றில் விரலை வைத்தபடியே இருந்தார். அன்று அவர் வெறும் தண்ணீரோடு நோன்பு பிடித்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து நாங்கள் பிரிந்தபோது குறை அவரிடம்தான் என்று ஊர் பேசியது. நான் வாய் திறக்கவில்லை. அதற்காக இன்றும் ஒவ்வொரு தொழுகையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். உங்கள் மாமி மகளும் ஒரு நாள் அந்தக் கேள்வியைக் கேட்பார், தம்பி.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். "பெண்ணைப் பார்த்துவிட்டு மட்டும் வரலாம்" என்று கூப்பிட்டாலும் இப்போது கொழும்புக்குப் போகாதீர்கள். கடவுச்சீட்டு உங்கள் கையிலேயே இருக்கட்டும். கனடாவில் கட்டாயத் திருமணம் 2015 முதல் குற்றம். இலங்கையிலோ 1883இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டக் கோவையின் 365ஏ பிரிவு ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கி வைத்திருக்கிறது. அதை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்னது. ஆனால் அந்தச் சொல்லை நம்பி நீங்கள் விமானம் ஏற வேண்டாம்.

இனி தொழுகை. நான் ஆலிம் இல்லை. ஆனால் உங்களிடம் எதையும் மறைக்க மாட்டேன். நான்கு மத்ஹபுகளின் (மார்க்கச் சட்ட மரபுகளின்) அறிஞர்களில் பெரும்பாலோர் ஆணோடு ஆண் சேர்வது ஹராம் என்றே சொல்கிறார்கள். நம் ஊர் ஹஜ்ரத்மார்களும் அதையே சொல்வார்கள். ஆனால் அவர்களிடமே கேட்டுப் பாருங்கள்: மனதில் எழும் நாட்டம் வேறு, செயல் வேறு என்பார்கள். பாவம் செய்தவன் தொழக்கூடாது என்று அவர்களில் ஒருவரும் சொல்ல மாட்டார். உளூ, நேரம், கிப்லா என்று தொழுகை கூடுவதற்கான நிபந்தனைகளில் நீங்கள் யாரை நேசிக்கிறீர்கள் என்பது இல்லை. ஏற்றுக்கொள்வது அல்லாஹ்வின் கையில்.

லூத் நபியின் கதையை வேறு விதமாக வாசிக்கும் அறிஞர்கள் சிலர் இப்போது இருக்கிறார்கள். அந்த மக்கள் வழிமறித்தார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைப் பறிக்க ஓடிவந்தார்கள். "என் விருந்தினர் விஷயத்தில் என்னை அவமானப்படுத்தாதீர்கள்" என்று லூத் நபி மன்றாடியதை ஹூத் அத்தியாயம் சொல்கிறது. பலவந்தத்துக்கும் நபியை மறுத்ததற்கும் வந்த தண்டனை அது என்பது இவர்களின் வாசிப்பு. பெண்களை விட்டு ஆண்களிடம் இச்சையோடு போகிறீர்கள் என்ற கண்டனமும் குர்ஆனில் உண்டு. ஆகவே உடனே முடிவு கட்டாமல் இரண்டையும் உட்கார்ந்து ஓதுங்கள். நான் அந்த அறிஞர்களின் வாசிப்பில்தான் என் நெற்றியை வைத்திருக்கிறேன். அதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

கேப் டவுன் இமாம் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாகிஸ்தானில் மார்க்கம் படித்தவர். அவரும் நிக்காஹ் முடித்துப் பிள்ளைகள் பெற்று, பிரிந்து, 1996இல் தான் ஆண்களை நேசிப்பவர் என்று வெளிப்படுத்திக்கொண்டவர். 2025 பிப்ரவரி 15 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்று இரவு என்னால் தூங்க முடியவில்லை. இந்த வழியில் ஆபத்தே இல்லை என்று உங்களிடம் எப்படிச் சொல்வேன்?

ஆனால் நீங்கள் இருக்கும் ஊர் வேறு. தான்சானியாவில் பிறந்து, டொராண்டோவில் அகதிகளுக்காக வாதாடும் வழக்கறிஞர் எல்-ஃபாரூக் காக்கி, நம்மைப் போன்ற முஸ்லிம்களுக்காக 1991இல் 'சலாம்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 2009இல் அவரும் நண்பர்களும் அங்கேயே ஒரு ஜும்ஆவையும் தொடங்கினார்கள். நான் முதல்முறை போன வெள்ளிக்கிழமை பாங்கு சொன்னவர் ஒரு பெண். ஸஃப்பில் (தொழுகை வரிசையில்) என் வலப்பக்கம் நின்றவரும் பெண். சோனகத் தெருப் பள்ளிவாசலில் வளர்ந்த என் உடம்பு கூசியது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். தொழுகை முடிந்து சலாம் கொடுத்தபோது பக்கத்தில் இருந்த முதியவர் அழுதுகொண்டிருந்தார். யாரும் காரணம் கேட்கவில்லை. உங்கள் வழக்கமான பள்ளியை விட வேண்டியதில்லை. ஒரு வெள்ளி அங்கே போய் வாருங்கள்.

உம்மாவிடம் இன்றே எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். இப்போதைக்கு "இந்த நிக்காஹ் வேண்டாம், அந்தப் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுக்க மாட்டேன்" என்பது போதும். காரணத்தை ராத்தாவிடம் முதலில் சொல்லலாம், அவர் வாய் காப்பவராக இருந்தால். அதற்கு முன் உங்கள் பெயரில் கொஞ்சம் பணமும், அவசரத்துக்குத் தங்க ஒரு நண்பர் வீடும் இருக்கட்டும்.

"ஊர் என்ன சொல்லும்" என்று உம்மா கேட்கும்போது கோபப்படாதீர்கள். வீட்டை விட்டு வந்தவருக்குப் புத்தளத்தில் பாயும் கஞ்சியும் கொடுத்தது அந்த ஊர்தான். ஊர் இல்லாமல் போனால் எப்படி இருக்கும் என்று உங்களைவிட அவருக்குத் தெரியும். இன்னொரு முறை துரத்தப்படுவோமோ என்று பயப்படுகிறார்.

என் உம்மாவிடம் டொராண்டோவிலிருந்து தொலைபேசியில் சொன்னேன். எட்டு மாதம் பேசவில்லை. பிறகு ஒரு ரமழானில் அழைத்தார். "நோன்பு பிடிக்கிறாயா?" என்றார். பிடிக்கிறேன் என்றேன். "கஞ்சிக்கு ரம்பை கிடைக்கிறதா அங்கே?" என்றார். கிடைக்கிறது, ஆனால் காய்ந்தது என்றேன். அடுத்த மாதம் ஒரு பார்சல் வந்தது. துணியில் சுற்றிய ரம்பை இலை, வழியிலேயே கறுத்துப்போயிருந்தது. இறக்கும்வரை அந்த விஷயத்தை நாங்கள் இருவரும் மறுபடி பேசவில்லை. ஒவ்வொரு ரமழானிலும் கஞ்சியைப் பற்றிப் பேசினோம்.

ராத்தாவிடம் பேசிய பிறகு எனக்கு எழுதுங்கள், தம்பி.