கிறிஸ்தவ அன்பு என்றால் என்னவென்று உங்களுக்குப் புரியவைத்த திரைப்படம் எது?

2007இல் வந்த 'லார்ஸ் அண்ட் தி ரியல் கேர்ள்'. நான்சி ஆலிவர் எழுதி, கிரெய்க் கில்லெஸ்பி இயக்கிய படம். அற்புத சுகமோ தரிசனமோ அதில் கிடையாது. ஒரு சபை இருக்கிறது, அவ்வளவுதான்.

பனி கொட்டும் ஒரு சிற்றூர். லார்ஸ் பிறந்தபோதே தாயை இழந்தவன். அண்ணன் வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில் தனியாக இருக்கிறான். யாராவது தொட்டால் அவனுக்கு எரிகிறது. ஒருநாள் இணையத்தில் ஆளுயரப் பொம்மை ஒன்றை வரவழைத்து, இவள் பியான்கா, மிஷனரி, நடக்கமுடியாதவள் என்று அண்ணன் அண்ணிக்கு அறிமுகம் செய்கிறான். விளையாட்டுக்கு அல்ல, நிஜமாகவே நம்புகிறான். கல்யாணமாகாதவர்கள் ஒரே இடத்தில் தங்குவது முறையல்ல என்று அவளை அண்ணன் வீட்டு அறையில் தங்கவைக்கச் சொல்கிறான். மருத்துவர் டாக்மார், இப்போதைக்கு அவன் நம்புவதையே நீங்களும் ஏற்று நடந்துகொள்ளுங்கள் என்கிறார்.

ஊர் சிரிக்குமே என்று அண்ணனுக்கு வெட்கம். சபைப் பெரியவர்களிடம் போய்ச் சொல்கிறார்கள். ஒருவர் முகம் சுளிக்கிறார். மிஸஸ் க்ரூனர் என்ற வயதான அம்மா அங்கிருப்பவர்களின் வீட்டுக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கிறார்: யார் வீட்டில் பூனைக்கு கவுன் போடுகிறார்கள், யாருடைய முதல் மனைவிக்குத் திருட்டுப் பழக்கம் இருந்தது என்று. எல்லார் வீட்டிலும் ஒன்று உண்டு, லார்ஸ் நல்ல பிள்ளை, என்னை நம்பலாம் என்கிறார். இயேசுவாக இருந்தால் என்ன செய்வார் என்பதுதானே கேள்வி என்கிறார் போதகர். அடுத்து பியான்கா ஆலயத்துக்கே வருகிறாள்.

அதோடு நின்றிருந்தால் இந்தப் படம் என் மனதில் நின்றிருக்காது. ஊரார் அவளுக்கு வேலை கொடுக்கிறார்கள். மருத்துவமனைக் குழந்தைகளிடம் கூட்டிப்போகிறார்கள், பள்ளி நிர்வாகக் குழுவுக்குக்கூடத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவரைப் பொறுத்துக்கொள்வது வேறு, அவர் இல்லாவிட்டால் நமக்கு ஓடாது என்கிற அளவுக்கு இடம் கொடுப்பது வேறு.

எங்கள் வீட்டில் சித்தப்பா. காட்பாடிப் பக்கம் தையல் கடை வைத்திருந்தார். முப்பது வயதுக்கு மேல் அவர் காதில் யாரோ பேச ஆரம்பித்தார்கள். ஆராதனையில் எல்லாரும் கண்மூடி ஜெபிக்கும்போது அவர் அந்தக் குரலுக்குச் சத்தமாகப் பதில் சொல்வார். "அவரை வீட்லயே விட்டுட்டு வாங்களேன்" என்று சபையில் ஒருவர் அப்பாவிடம் மெதுவாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து ஆயாவும் (எங்கள் பாட்டி) வீட்டோடு நின்றுவிட்டார்.

பிறகு வேலூர் பாகாயத்தில், சி.எம்.சி. என்கிற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தில் சித்தப்பாவைச் சேர்த்தோம். அங்கே நோயாளியை மட்டும் விட்டுவிட்டு வரமுடியாது, வீட்டு ஆள் கூடவே தங்கவேண்டும். ஆயா இரண்டு மாதம் தங்கி, களி கிண்டிப் போட்டு, மாத்திரை எப்போது, கோபம் வந்தால் என்ன பேசுவது என்றெல்லாம் கற்றுக்கொண்டார். டாக்மார் படத்தில் சொல்வதைக் கேட்டபோது எனக்கு பாகாயம்தான் ஞாபகம் வந்தது. வைத்தியத்தில் பாதி வீட்டாருடைய கையில் என்பது வேலூருக்குத் தெரிந்த சங்கதி. அதே சி.எம்.சி.யில் அறுவை மருத்துவராக இருந்த டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தினார். ஆனால் கை சரியாகி ஊருக்குப் போனவர்களைச் சேர்ப்பாரும் இல்லை, வேலை தருவாரும் இல்லை. அதற்காகத்தான் 1950களின் தொடக்கத்தில் நவஜீவ நிலையம் வந்தது. அங்கே தங்கித் தச்சு வேலை கற்றார்கள்.

படத்தின்மேல் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பொம்மை யாரையும் திட்டாது, நள்ளிரவில் கதவை உடைக்காது. நிஜ நோய் அப்படிச் சாதுவாக இருக்காது. ஆனாலும் அண்ணி கேரின் ஒரு கட்டத்தில் வெடிக்கிறாள்: இவ்வளவும் எங்களுக்குச் சுலபம் என்று நினைத்தாயா, உன்மேல் இருக்கும் அன்பினால்தானே எல்லாரும் செய்கிறோம் என்று. அதைக் கேட்டபோது நான் அழுதேன், ஆயா ஒருநாளும் வாய்திறந்து அப்படிச் சொன்னதில்லை என்பதால்.

பியான்கா சாகக்கிடக்கிறாள் என்று லார்ஸ் நம்பும்போது ஊர்ப் பெண்கள் சாப்பாடும் பின்னல் வேலையும் எடுத்துக்கொண்டு லார்ஸ் வீட்டுக்கு வருகிறார்கள். நான் ஏதாவது செய்யணுமா என்கிறான். வேண்டாம், நீ சாப்பிடு, நாங்கள் சும்மா உட்கார வந்தோம் என்கிறார்கள். யோபுவின் சிநேகிதர் மூவரும் ஏழுநாள் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி, வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நம்மூர்த் துக்க வீட்டில் பாய் விரித்து உட்காருவதும் இதுதான். பைத்தியம் பிடித்த வீட்டுக்கு மட்டும் அந்தப் பாய் ஏன் வருவதில்லை என்று சபையாரிடம் நான் கேட்டிருக்கிறேன்.

எங்களுக்கு வந்தது ஒரே ஒருவர். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்கா ஒருவர். பாகாயத்திலிருந்து திரும்பிய மாதம் வீட்டுக்கு வந்து, அறிவுரை ஒன்றும் சொல்லாமல் ஆயாவோடு முருங்கைக்கீரை உருவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். போகும்போது சித்தப்பாவிடம், "தம்பி, பாடகர் குழு அங்கி நாலு கிழிஞ்சு கெடக்குது, தெச்சுத் தர்றியா?" என்றார். ஈஸ்டருக்குள் தைத்துக் கொடுத்தார். அறுப்பின் பண்டிகைக்குப் பந்தல் துணி, ஞாயிறுபள்ளி நாடகத்துக்கு மேய்ப்பர் உடுப்பு என்று அது வளர்ந்தது. இப்போதும் சில நாள் ஜெபத்தில் நடுவே பேசுவார். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்வார்.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல், ஆலயத்துக்குப் போகவில்லை. ஆராதனை முடிந்த பத்தாவது நிமிடம் அப்பாவுக்கு மூன்று போன் வந்தது, "தையக்காரரு எங்க, காணமே?" என்று.