இயற்பியலில் 50க்கு 17: குரூப்பை மாற்றும் முன் விடைத்தாளைப் பாருங்கள்

வணக்கம் சார்.

உங்கள் கடிதமும் மகளின் விடைத்தாள் படங்களும் கிடைத்தன. பிளஸ் ஒன் முதல் இடைப்பருவத் தேர்வில் இயற்பியலில் 50க்கு 17. "இவளுக்கு பிசிக்ஸ் மண்டையில் ஏறாது போலிருக்கு, இப்பவே காமர்ஸ் குரூப்புக்கு மாத்திடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பள்ளியில் இந்த வாரத்துக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார்கள், அவசரம் புரிகிறது. ஆனால் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நான் யாருக்கும் யோசனை சொல்வதில்லை. நல்லவேளை, நீங்கள் தாளையும் அனுப்பினீர்கள்.

எறிபொருள் இயக்கத்தில், அதாவது எறிந்த பொருள் எப்படிப் பறந்து விழுகிறது என்ற பாடத்தில், மூன்று கணக்கு கேட்டிருக்கிறார்கள். மூன்றும் தப்பு. ஆனால் மூன்றும் ஒரே மாதிரித் தப்பு இல்லை.

முதல் கணக்கு: நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், 30 டிகிரி கோணத்தில் எறிந்த பந்து எவ்வளவு தூரம் போய் விழும்? கிடைத்தள நெடுக்கத்துக்கான சூத்திரத்தைச் சரியாக எழுதியிருக்கிறாள். அந்தச் சூத்திரத்தில் கோணம் இரட்டிப்பாக வரும், அதனால் சைன் 60 போட வேண்டும். அந்த இடத்தில் பாதி என்று போட்டுவிட்டாள். பாதி என்பது சைன் 30. அதனால் 34.6 மீட்டர் வர வேண்டியது 20 மீட்டர் என்று வந்துவிட்டது. இது இயற்பியல் தப்பே இல்லை. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் அட்டவணை கொஞ்சம் மறந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு சாயங்காலம் போதும்.

இரண்டாவது: உச்சிக்குப் போனதும் அந்தப் பந்தின் வேகம் என்ன? "பூச்சியம்" என்று எழுதியிருக்கிறாள். இதே பதிலை எழுதி சிவப்பு மையில் பெரிய வட்டம் வாங்கியவன்தான் நானும். உச்சியில் நின்றுபோவது மேல்நோக்கிய வேகம் மட்டும். முன்னோக்கிய வேகம் நொடிக்கு 17.3 மீட்டர் அப்படியே இருக்கிறது. அதுவும் பூச்சியமாகிவிட்டால் பந்து அங்கிருந்து நேர் கீழே தலையில் விழ வேண்டும். மாங்காய்க்குக் கல் விட்ட யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 20 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்தைக் கிடைமட்டமாக நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறிகிறார்கள், தரைக்கு வர எவ்வளவு நேரம்? உங்கள் மகள் அந்த 15ஐத் தூக்கிக் கீழே விழும் சமன்பாட்டில் போட்டுவிட்டாள். 20 = 15t + 5t² (t என்பது நேரம், 5t² என்பது புவியீர்ப்பால் விழும் தூரம்). அதைச் சுருக்கி, காரணிப்படுத்தி, t = 1 நொடி என்று அழகாக முடித்திருக்கிறாள். விடை இவ்வளவு சுத்தமாக வந்ததும் சரியென்று நம்பியிருப்பாள், பாவம். உண்மையான விடை 2 நொடி. அந்த 15க்கும் கீழே விழும் நேரத்துக்கும் சம்பந்தமே இல்லை. பந்தை எறியாமல் கையிலிருந்து நழுவவிட்டாலும் அதே 2 நொடிதான். எறிந்ததால் கிடைப்பது தூரம்: 2 நொடியில் 30 மீட்டர்.

இந்தப் பாடம் முழுக்க இந்த ஒரு விஷயம்தான் சார். முன்னால் போவது ஒரு கணக்கு, கீழே விழுவது இன்னொரு கணக்கு. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்வதில்லை, நேரம் மட்டும் பொது. கலிலியோ 1638இல் வெளியிட்ட நூலில் பாதை பரவளையம் (parabola) என்ற வளைகோடு என்று காட்டியதும் இப்படிப் பிரித்துப் பார்த்துத்தான். டியூஷனில் கொடுத்த சூத்திர அட்டையைப் படத்தின் ஓரத்தில் பார்த்தேன். பறக்கும் நேரம், பெரும உயரம், நெடுக்கம் எல்லாம் கட்டம் கட்டி இருக்கிறது. எதிலிருந்து வந்தது என்று ஒரு வரி இல்லை. மனப்பாடம் செய்த பிள்ளை கேள்வி சற்றுத் திரும்பினால் தடுமாறத்தான் செய்யும்.

எனவே என் கணிப்பு: இருபடிச் சமன்பாட்டைத் தானே அமைத்துத் தானே தீர்க்கிற பெண்ணுக்குக் கணக்கு வராது என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு கருத்து குழம்பியிருக்கிறது. அதற்காக குரூப்பை மாற்றுவது, செருப்பு கடிக்கிறது என்று பயணத்தையே விடுவது மாதிரி.

இன்னொன்றையும் யோசியுங்கள். காமர்ஸுக்குப் போனபின் பி.இ. கலந்தாய்வுக்குத் திரும்பி வர வழியில்லை. சி.ஏ. ஃபவுண்டேஷனை (பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் தேர்வு) எந்த குரூப்பில் பிளஸ் டூ முடித்தவரும் எழுதலாம், ஆக அந்தக் கதவு அவளுக்கு எப்படியும் திறந்தே இருக்கும். கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃபில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. மூன்றும் பிளஸ் டூ மதிப்பெண்கள். இந்த 17 அதில் சேராது. ஆனால் பாடம் திரும்பி வரும்: பிளஸ் டூவில் சீரான மின்புலத்துக்குள் பக்கவாட்டில் நுழையும் எலக்ட்ரான் இதே பரவளையப் பாதையில்தான் வளையும். இப்போது புரிந்துகொண்டால் அங்கே பாதி வேலை மிச்சம்.

"இது படித்து என்ன வேலைக்கு?" என்றும் கேட்டிருந்தீர்கள். நேராகச் சொன்னால், எறிபொருள் என்று ஒரு வேலை கிடையாது. மொபைல் விளையாட்டு எழுதுபவர் பந்து பறப்பதைக் காட்ட இந்த இரண்டு கணக்கைத்தான் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் ஓட்டுகிறார். ஈட்டி எறிதல் பயிற்சியாளர், 45 டிகிரிதான் அதிக தூரம் என்ற புத்தக விதி காற்றிலும் தோள்பட்டையிலும் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார். 2021இல் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் எறிந்தபோதும் கோணம் அதைவிடக் குறைவுதான். விண்வெளிதான் ஆசை என்றால் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியும், அப்துல் கலாம் படித்த வானூர்திப் பொறியியல் அங்கேதான், திருவனந்தபுரத்தில் விண்வெளிப் படிப்புக்கான ஐ.ஐ.எஸ்.டி.யும் இருக்கின்றன. ஐ.ஐ.எஸ்.டி.க்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். இதெல்லாம் இரண்டு வருடம் கழித்துப் பேசலாம். அவளிடம் இப்போதே சொல்லி மலைக்க வைக்காதீர்கள்.

கணக்குப்பதிவியல் அவளுக்கே பிடித்திருக்கிறது, அவளே கேட்கிறாள் என்றால் தாராளமாக மாற்றுங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன். உங்கள் கடிதத்தில் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அதைக் கேளுங்கள்.

அப்புறம் இன்றிரவு ஒரு வேலை. சாப்பாட்டு மேசை விளிம்பில் இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை வையுங்கள். ஒன்றை அவள் விரலால் சுண்டட்டும், அதே நொடியில் மற்றொன்றை நீங்கள் விளிம்பிலிருந்து லேசாகத் தள்ளிவிடுங்கள். மேசை 80 சென்டிமீட்டர் உயரம் என்றால் இரண்டுக்கும் 0.4 நொடிதான். ஒன்று காலடியில் விழும், இன்னொன்று தள்ளிப் போய் விழும், ஆனால் "டக்" ஒன்றுதான் கேட்கும். முதல் இரண்டு மூன்று முறை கை ஒத்துவராது, விடாதீர்கள். எதையும் விளக்க வேண்டாம். முடிந்ததும் அந்தக் கட்டடக் கணக்கைப் புதுத் தாளில் மறுபடி போடச் சொல்லி எனக்குப் படம் எடுத்து அனுப்புங்கள், பள்ளிக்கு என்ன பதில் சொல்வது என்று பேசுவோம். மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள், அந்தச் சத்தம் அவள் காதில் விழ வேண்டும்.