செயின்ட் லூசியாவில் ஏழு இரவு: வடக்கா, தெற்கா?

கேள்வி: நாங்கள் டொராண்டோவில் இருக்கிறோம், கனடா பாஸ்போர்ட். கல்யாணமாகி இருபது வருசம். பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு முதல்முறையாக இரண்டு பேர் மட்டும் செயின்ட் லூசியா போகலாம் என்று இருக்கிறோம், ஏழு இரவு. செப்டெம்பர் கடைசியில் வடக்கே ரோட்னி பேயில், சாப்பாடு குடி எல்லாம் சேர்த்து ஒரு ரிசார்ட் பாதி விலைக்குக் கிடைக்கிறது. இவர் உடனே புக் பண்ணச் சொல்கிறார். எனக்குப் படத்தில் பார்த்த அந்த இரட்டை மலைக்குப் பக்கத்தில் தங்க ஆசை. கார் எடுத்து ஓட்டிக்கொண்டு போகலாம் என்கிறார். எனக்கு வளைவுப் பாதை என்றால் சத்தி வரும். நான் சைவம், இவர் மீன் சாப்பிடுவார். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஆசையும் நியாயம், அவர் கணக்கும் நியாயம். ஏழு இரவையும் ஒரே இடத்தில் கழிப்பதைத்தான் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். முதல் நான்கு இரவு தெற்கே, அந்த இரட்டை மலை இருக்கிற சூஃப்ரியேரில், பிறகு மூன்று இரவு வடக்கே ரோட்னி பேயில். இந்த வரிசை மாறவேண்டாம்.

வரைபடத்தை விரித்தால் இந்தத் தீவு ஆளை ஏமாற்றிவிடும். நீளம் சுமார் 43 கிலோமீட்டர், அகலம் 22 தான். ஸ்கார்பரோவிலிருந்து மிசிசாகா போகிற தூரம்தானே, காலையில் போய் மலையைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று தோன்றும். ஆனால் இது எரிமலை எழுப்பிய தீவு. நடுவில் மலைத்தொடர், அதிலிருந்து விலா எலும்பு மாதிரி மேடுகள் கடல்வரை இறங்குகின்றன. மேற்குக் கரைச் சாலை ஒவ்வொரு மேட்டிலும் ஏறி, ஆன்ஸ் லா ரே, கனரீஸ் என்று ஒவ்வொரு மீனவர் ஊரிலும் இறங்கி, மறுபடி ஏறும். ரோட்னி பேயிலிருந்து சூஃப்ரியேர் போக ஒன்றரை மணி நேரம், வர இன்னொரு ஒன்றரை. நேரான சாலை என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

முதல் தடவை போனபோது நாங்களும் வடக்கில்தான் தங்கினோம். ஒருநாள் சுற்றுலா வேனில் தெற்கே போனோம். கனரீஸ் தாண்டியதும் என் மனைவி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இஞ்சி மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தாள். மலைகள் தெரிகிற திருப்பத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, எல்லாரும் இறங்கிப் படம் எடுத்தார்கள். அவள் இறங்கவேயில்லை. ‘நீ பார்த்துட்டு வந்து சொல்லு’ என்றாள். அந்தத் தீவுக்கு அவ்வளவு செலவழித்துப் போய் அவள் பார்த்தது வேனின் முன்சீட்டு உறையைத்தான்.

இனி வரிசைக்குக் காரணம். டொராண்டோவிலிருந்து நேர் விமானம் இறங்குவது ஹெவனோரா விமான நிலையத்தில். அது தீவின் தென்முனை. தலைநகர் காஸ்ட்ரீஸுக்குப் பக்கத்திலும் ஒரு சிறிய விமான நிலையம் இருக்கிறது. தீவுக்குத் தீவு பறக்கும் சின்ன விமானங்களுக்குத்தான் அது. ஹெவனோராவிலிருந்து சூஃப்ரியேர் ஒரு மணி நேரத்துக்குள். நான்கு நாள் அங்கே இருந்துவிட்டு, வடக்கே போக மேற்குக் கரைச் சாலையைத் தொடாமல் படகில் போங்கள். வாட்டர் டாக்சி என்று கேட்டால் தங்குமிடத்திலேயே ஏற்பாடு செய்வார்கள். மேற்குப் பக்கம் காற்றுக்கு மறைவான கடல், அலை குறைவு. காலையில் கிளம்பினால் இன்னும் நல்லது. திரும்பி விமான நிலையம் வர கிழக்குப் பக்க நெடுஞ்சாலை. அதிலும் நடுமலையைத் தாண்டுகிற இடத்தில் வளைவுகள் உண்டு, ஆனால் மேற்குச் சாலையோடு ஒப்பிட்டால் பரவாயில்லை. ஆக, உங்களைப் படுத்துகிற அந்தப் பாதையில் முழுப் பயணத்திலும் ஒருமுறைகூட நீங்கள் போகவேண்டியதில்லை.

கார் வேண்டாம். இலங்கையில் ஓட்டிய பழக்கம் இருந்தால் இடதுபக்கம் ஓட்டுவது உங்கள் கணவருக்குப் புதிதல்ல, அங்கேயும் இடதுதான். தற்காலிக ஓட்டுநர் அனுமதி வாங்கவேண்டும், அதை வாடகைக் கார் கொடுப்பவர்களே எழுதித் தருவார்கள். என் கவலை இருட்டு. கனடாவில் கோடையில் ஒன்பது மணிவரை வெளிச்சம் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: செயின்ட் லூசியா ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையில் இருக்கிறது. வருடம் முழுக்க ஆறு, ஆறரைக்கெல்லாம் சூரியன் போய்விடும், போன கையோடு இருட்டிவிடும். மதியம் விமானம் இறங்கி, வரிசையில் நின்று, கார் எடுத்துக் கிளம்பினால், தெருவிளக்கில்லாத மலைத்திருப்பத்தில் புது ஆளாக ஓட்டிக்கொண்டிருப்பார். டாக்சி எடுங்கள். ஏறுவதற்கு முன் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் போதாது, எந்த டாலர் என்றும் கேளுங்கள். உள்ளூரில் புழங்குவது கிழக்குக் கரீபியன் டாலர். ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 என்று 1976 முதல் கட்டிவைத்த மதிப்பு. ‘எண்பது’ என்று ஒருவர் சொன்னால் அது முப்பதாகவும் இருக்கலாம், எண்பதாகவும் இருக்கலாம்.

செப்டெம்பர் விஷயம். பாதி விலைக்கு ஏன் தருகிறார்கள் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். அட்லாண்டிக் சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அதன் உச்சம் செப்டெம்பர் பத்தாம் தேதியை ஒட்டி. அதற்காக அந்த மாதம் போகிற எல்லாரும் புயலில் மாட்டுவதில்லை. நிறையப் பேர் மதிய மழையோடு நல்லபடியாகவே திரும்புகிறார்கள். ஆனால் உங்கள் நான்கு இரவு சூஃப்ரியேர் என்பதால் யோசிக்கிறேன். 2010 அக்டோபர் கடைசியில் டோமாஸ் புயல் அடித்தபோது மலைச்சரிவுகள் இறங்கி, பாலங்கள் போய், சூஃப்ரியேர் பக்கம் தரைவழி துண்டிக்கப்பட்டது. அங்கே காற்றைவிட மண்தான் ஆபத்து.

தேதி உங்கள் கையில் இருந்தால் ஏப்ரல் பிற்பாதி முதல் ஜூன் முதல் வாரம் வரை பாருங்கள். ஈஸ்டர் முடிந்ததும் விலை இறங்கும். மழை இன்னும் வலுக்காது. செப்டெம்பர் அளவுக்கு மலிவாக இருக்காது, பிப்ரவரி அளவுக்குக் கழுத்தை நெரிக்கவும் செய்யாது. மே மாதம் ஜாஸ் விழா நடக்கிற நாட்களில் வடக்கில் அறை கிடைப்பது கஷ்டம், அந்தத் தேதிகளை மட்டும் பார்த்துத் தவிருங்கள். கரைக்கு ஒதுங்கும் சர்காசம் என்கிற பழுப்புக் கடற்பாசியைப் பற்றிப் படித்துப் பயந்திருந்தால், அது பெரும்பாலும் கிழக்கே அட்லாண்டிக் பக்கத்துத் தொல்லை. நீங்கள் தங்கப்போவது இரண்டும் மேற்குப் பக்கம்.

இல்லை, கல்யாண நாளே செப்டெம்பரில்தான் என்றால் போகலாம். பணம் திரும்பாத சலுகையை மட்டும் தொடாதீர்கள். பயணக் காப்பீட்டை விமானச் சீட்டு வாங்குகிற அன்றே வாங்குங்கள். ஒரு புயலுக்குப் பெயர் வைத்துவிட்டால், அதற்குப் பிறகு வாங்கிய காப்பீடு அந்தப் புயலுக்குப் பொதுவாகச் செல்லாது. செய்தியில் பெயரைக் கேட்டுவிட்டுக் காப்பீடு தேடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் கணவர் செப்டெம்பரைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு விலை மட்டும்தான் காரணமா என்று மெல்லக் கேட்டுப்பாருங்கள். கரீபியன் பிரீமியர் லீக் கிரிக்கெட் ஆகஸ்ட், செப்டெம்பர் வாக்கில் நடப்பது. 2024இல் ஃபாஃப் டு ப்ளெசி தலைமையில் செயின்ட் லூசியா கிங்ஸ் கோப்பையை வென்றது. அவர்களுடைய மைதானம், டேரன் சாமியின் பெயரில் இருப்பது, ரோட்னி பேயிலிருந்து கூப்பிடு தூரம். அதே வருடம் ஜூன் 24ஆம் தேதி டி20 உலகக் கோப்பையில் ரோகித் சர்மா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 41 பந்தில் 92 அடித்ததும் அங்கேதான். ஊர்ப் பெயர் க்ரோஸிலே. எழுத்தைப் பார்த்து ‘க்ரோஸ் ஐலெட்’ என்று டாக்சிக்காரரிடம் சொன்னால் சிரிப்பார். தீவின் பெயரே உள்ளூர்க்காரர் வாயில் ‘செயின்ட் லூஷா’தான்.

தெற்கில் அறை தேடும்போது ‘பிட்டன் வியூ’ என்று போட்டிருக்கும். அந்த இரட்டை மலையின் பெயர்தான் பிட்டன். எந்தப் பிட்டன் என்று கேளுங்கள். பெரியது க்ரோ பிட்டன், 798 மீட்டர்; சின்னது பெத்தி பிட்டன், 743 மீட்டர். சூஃப்ரியேர் ஊருக்குள் தங்கினால் உங்கள் ஜன்னலை நிறைத்து நிற்பது சின்னதுதான். இரண்டும் சேர்ந்து தெரியவேண்டுமென்றால் அறையிலிருந்து எடுத்த படத்தை அனுப்பச் சொல்லுங்கள், விளம்பரப் படத்தை அல்ல. மணல் கறுப்பாக இருந்தால் முகம் சுளிக்காதீர்கள், எரிமலை மணல் அப்படித்தான். பொன்னிற மணலில் நீண்ட நடை வடக்கே ரெதூயி கடற்கரையில் காத்திருக்கிறது. கடற்கரை எதுவானாலும் பொதுச்சொத்து; ரிசார்ட்டுக்கு முன்னால் இருப்பதால் அது ரிசார்ட்டுடையதாகிவிடாது.

கந்தகச் சேற்றுக் குளியலுக்குக் கட்டாயம் போங்கள். சூஃப்ரியேர் என்ற பெயரே கந்தகத்திலிருந்து வந்ததுதான்; ஊரை நெருங்கும்போதே அழுகிய முட்டை வாடை சொல்லிவிடும். கொதிக்கிற குழிகளை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். குளிப்பது அதற்குக் கீழே, வெதுவெதுப்பான குளத்தில். சாம்பல் நிறச் சேற்றைப் பூசி, வெயிலில் காயவிட்டு, தோல் இழுக்க ஆரம்பித்ததும் இறங்கிக் கழுவவேண்டும். பழைய, அடர்நிற உடுப்பு போதும். வெள்ளையில் போனால் அது மறுபடி வெள்ளையாகாது. மிக முக்கியம்: மெட்டியையும் கொலுசையும் அறையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். என் மனைவியின் மெட்டி குளத்திலிருந்து ஏறும்போது பழைய இரும்பு வளையம் மாதிரி ஆகியிருந்தது. ஊர் திரும்பி ஒரு வாரம் பற்பசை போட்டுத் தேய்த்தாள். தங்கத்துக்கு அந்தப் பயம் கிடையாது.

க்ரோ பிட்டன் ஏற்றம் உள்ளூர் வழிகாட்டியோடு, ஃபோன் ஜோன் லீப்ர் என்ற கிராமத்திலிருந்து. அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள் வாழ்ந்த இடம். பெயரின் பொருளும் ‘சுதந்திர மனிதரின் பள்ளத்தாக்கு’. ஏறி இறங்க நான்கைந்து மணி நேரம், பிற்பாதி முழுக்கக் கையையும் ஊன்றி ஏறவேண்டிய படிகளும் பாறைகளும். முழங்கால் ஒத்துழைக்கும் என்றால் போங்கள். இல்லையென்றால் டயமண்ட் தோட்டத்து வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்துகொண்டு அவரை மட்டும் அனுப்பிவையுங்கள்.

சாப்பாட்டில் நீங்கள் பயப்படுகிற அளவு சிரமம் இல்லை, பெயர்களில்தான் குழப்பம். ‘க்ரீன் ஃபிக்’ என்றால் அத்திக்காய் இல்லை, வாழைக்காய். அதைக் கருவாடு போல உப்பிட்ட மீனோடு சேர்த்துத் தருவதுதான் தேசிய உணவு; மீன் இல்லாமல் கேட்டால் தருவார்கள். ‘கலலூ’ என்பது சேம்பிலைக் கூழ். ‘ப்ரொவிஷன்’ என்றால் சேம்பு, வள்ளி மாதிரிக் கிழங்குகள். ஈரப்பலாக்காயைத் தணலில் சுட்டு வைப்பார்கள், அதை விடாதீர்கள். பருப்பும் கீரையும் பார்க்கச் சைவமாக இருக்கும், உள்ளே உப்பிட்ட பன்றிவால் கிடக்கலாம். ஆகவே ‘வெஜிடேரியன்’ என்பதோடு நிறுத்தாமல் மீன், இறைச்சி, பன்றிவால் எதுவும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். ரஸ்தஃபாரி மதத்தினர் நடத்துகிற ‘இத்தால்’ கடை கண்ணில் பட்டால் தயங்காமல் நுழையலாம். இறைச்சியும் மீனும் அங்கே பெரும்பாலும் வராது, உப்பும் அப்படித்தான், ஊறுகாய்ப் பாக்கெட் கைப்பையில் இருக்கட்டும். இவருக்கு வெள்ளி இரவு ஆன்ஸ் லா ரேயில் மீன் விருந்து நடக்கும். அதே வெள்ளியில் க்ரோஸிலேயில் தெருக் கொண்டாட்டம். வடக்கில் இருக்கிற மூன்று இரவில் ஒன்று வெள்ளியாக அமையும்படி தேதியைப் போடுங்கள். க்ரோஸிலேயிலும் சுட்ட மீன் கிடைக்கும், மலைப்பாதையும் வேண்டாம்.

பக்கத்துத் தீவான மார்ட்டினிக்குக்குக் காஸ்ட்ரீஸிலிருந்து கப்பல் இருக்கிறது, ஒருநாள் போய்வரலாமா என்றும் சிலர் கேட்பார்கள். 1853 முதல் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கத்துத் தமிழர்களைக் கரும்புக்காட்டு வேலைக்கு ஏற்றிச்சென்ற தீவு அது. மாரியம்மனையும் மதுரைவீரனையும் உருமாறிய பெயர்களில் இன்றும் கும்பிடுகிறார்கள். கறிக்கு ‘கொலம்போ’ என்று பெயர். எனக்குப் பிடித்த இடம். ஆனாலும் இந்த ஏழு இரவுக்குள் அதைத் திணிக்கவேண்டாம், அதற்குத் தனியாக ஒரு வாரம் தேவை.

பெட்டி கட்டும்போது: மின்சாரம் 240 வோல்ட்டுக்கு ஒட்டி, பிளக் இங்கிலாந்துச் சதுர மூன்று முள். கனடாவின் 120 வோல்ட் ஹேர் டிரையரை வெறும் அடாப்டரில் சொருகினால் புகைதான் வரும். போன் சார்ஜர்கள் தாங்கும். ராணுவப் புள்ளித் துணியில் அரைக்கால்சட்டை இருந்தால் வீட்டிலேயே இருக்கட்டும், பொதுமக்கள் அதைப் போடுவது அங்கே சட்டவிரோதம். கரையோரம் சிவப்புப் பட்டை அடித்த மரத்தைக் கண்டால் விலகுங்கள். மஞ்சினீல் என்று பெயர். சின்ன ஆப்பிள் மாதிரிப் பழம், கடித்தால் வாய் வெந்துவிடும். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கினாலே சொட்டுகிற நீர் தோலைப் பொசுக்கும்.

அந்த ரிசார்ட்காரர்களிடம் மூன்று இரவுக்கும் அதே விகிதம் தருவார்களா, வரியும் சேவைக் கட்டணமும் உள்ளடக்கமா என்று எழுதிக் கேளுங்கள். திரும்பும் விமானம் பிற்பகல் மூன்று மணி என்றால் ரோட்னி பேயிலிருந்து பத்து மணிக்கே வண்டி ஏறிவிடுங்கள். வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு அரைமணி நேரம் முன்னால் போட்டுக்கொண்டு, முன்சீட்டை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் பின்னால் உட்காரட்டும்.